இரண்டு மூலங்கள்

பண்ணாரி செக்போஸ்ட் மூடியாச்சு.
இனி காலை ஆறு மணிக்குத்தான்.
முன்னால் நாற்பது லாரி. பின்னால் எண்ணவில்லை.

கேபின் விளக்கில் பத்தாம் வகுப்புக் கணக்கு.
பாஸானால் கவர்மென்ட் பஸ் ஓட்டலாம்.

ஒரு வண்டி நூறு கிலோமீட்டர் போகிறது.
வேகம் ஐந்து கூடியிருந்தால்
ஒரு மணி நேரம் மிச்சம்.
வேகம் என்ன?

என்ன லோடு, டயர் எப்படி
எதையும் சொல்லவில்லை.
எக்ஸ் என்று வைத்துக்கொண்டேன்.
எக்ஸ் வர்க்கம், கூட்டல் ஐந்து எக்ஸ், கழித்தல் ஐந்நூறு.
இதற்கு ரெண்டு மூலமாம்.
"டிரைவருக்கு ஒண்ணே போதுமுங்ணா"
கிளீனர் அம்மாசை சிரித்தான்.

இருபது.
கழித்தல் இருபத்தைந்து.
வேகம் குறை எண் ஆகாது, தள்ளிவிடு
என்கிறது கைடு.
அடிக்கப் போன பேனா நின்றது.

போன ஆடியில், திம்பம் ஏத்தத்தில்,
ஒன்பதாவது கொண்டை ஊசி.
சிமெண்ட் லோடோடு
வண்டி தன்னால் பின்னுக்கு உருண்டது.
அம்மாசை கட்டையோடு குதித்தான்.
தூரம் நாலு மீட்டர் இருக்கும்.
நேரம், அவன் கத்தி முடிக்கும் வரை.

விடை இருபது என்றே எழுதினேன்.
மற்றதை
ஓரத்தில் பென்சிலில் வைத்திருக்கிறேன்.

அம்மாசை அதற்குள் தூங்கிவிட்டான்,
அந்தக் கட்டையைத் தலைக்கு வைத்து.