ஆவிக் கணக்கு

தாராபுரம் முக்கில், பெட்ரோல் பங்கில்
கத்தரிக்கோல் பிடித்தவன் நான்.
கூப்பன் வெட்டுவது, பேரேட்டில் ஏற்றுவது, அவ்வளவுதான்.
கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுவது ராயப்பன்.
மேலே இரண்டு கண்ணாடிக் குடுவை,
ஒன்று நிரம்பும்போது மற்றது வடியும்.
சந்தைக்கு வந்தவர்கள் கத்தரிக்காய்க் கூடையோடு
அண்ணாந்து பார்த்து நிற்பார்கள்.

சண்டை எங்கோ கடலுக்கு அப்பால்.
எங்களுக்கு அது முத்திரை குத்திய தாளாக வந்தது.

மில்லுக்காரர் ஹட்சன் ஷெட்டுக்குள் போனது;
பின்சீட்டில் கோழி அடைகாத்தது.
டாக்டர் மோரிஸுக்கு மட்டும் கூடுதல் தாள்.
பழனி பஸ் முதுகில் கரியடுப்பைச் சுமந்து
விடியுமுன் விசிறி சுற்றினால்
ஏழு மணிக்கு இருமத் தொடங்கும்.
மேடு வந்தால் ஆம்பளைகள் இறங்கித் தள்ள வேண்டும்.
தள்ளியதற்காக டிக்கெட்டில் காலணா கழித்ததில்லை.

அங்காத்தாள் கார் மட்டும் மாட்டோடு வரும்.

பச்சை ஆஸ்டின்.
செத்துப்போன புகையிலை மண்டிக்காரர் விட்டுப்போனது.
பம்பரில் நுகத்தடி, இரண்டு மயிலைக் காளை,
ஜன்னலுக்குள் கைவிட்டு
ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே நடந்து வரும் நஞ்சான்.
பின்சீட்டில் வெள்ளைச் சீலை,
நேர்ப் பார்வை.

மாதம் இரண்டு காலன்.
"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க அம்மிணி?"
"இந்த மாசம் வாங்கலீன்னா
அடுத்த மாசம் தாளே வராதுங்கொ."

பஞ்சுத் தரகனுக்குக் காலன் எட்டு ரூபாய் என்று
விற்கிறாளாம். ஊர் சொன்னது.
நானும் நம்பினேன்.
ஒருநாள் தாலுகா கச்சேரிக்குக் கடுதாசி ஒன்று போனது,
கையெழுத்தில்லாமல்.
எழுத்து யாருடையது என்று
இன்றுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார்.
பேரேட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நான்.
தட்டுப்போரைக் குத்திப் பார்த்தார்கள்,
குதிருக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்,
கிணற்றுமேட்டுச் சாளையில் ஒரு தகரடப்பா,
திறந்தால் புண்ணாக்கு.
ஆஸ்டின் டேங்கில் குச்சி விட்டால்
நுனி மட்டும் நனைந்தது.

"பதினொரு மாசம். இருபத்திரண்டு காலன். எங்கே?"

அங்காத்தாள் பேசவில்லை.
முகவாயால் கொறங்காட்டைக் காட்டினாள்.

கிளுவை வேலிக்குள்
கொழுக்கட்டைப் புல் வட்டம் வட்டமாய்ப் படிந்திருந்தது.
ஓரத்தில் பழைய தடங்கள், கோணலும் மாணலும்;
வேலி இரண்டு இடத்தில் உடைந்து
வேலமுள் வைத்து அடைத்திருந்தது.
உள்ளே போகப் போக வட்டம் சீராகி
நடுவில்
தேய்ந்து மண் தெரிய
ஓர் எட்டு.

"ராவுலதானுங்க. ஊரு தூங்குனதுக்கப்பறம்.
நெலா இருக்கறப்ப. வெளக்குப் போடறதில்லீங்க."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
அறுநூறு மைலுக்குக் குறையாது.
மெட்ராஸ் போய்த் திரும்பியும் மிச்சம் இருந்திருக்கும்.
வேலியைத் தாண்டாமல் போயிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் புரட்டினார்.
வியாபாரம் இருந்தது, வைத்தியம் இருந்தது,
விவசாயம், சர்க்கார் காரியம் இருந்தது.
இதற்குக் கட்டம் இல்லை.
என்னைப் பார்த்தார்.
பேனா என்னிடம் இருந்தது.

"ஆவியாகிவிட்டது. வெயில் அதிகம்" என்று எழுதினேன்.

அது மார்கழி.
காளைகளின் மூக்கில் புகை வந்துகொண்டிருந்தது.
அவர் படித்துப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்,
கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி
மாட்டோடுதான் வந்தாள்.
தாளை நீட்டினாள், வெட்டினேன்.
கடுதாசியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.
ராயப்பன் கைப்பிடியை ஆட்டத் தொடங்கிவிட்டான்.

குடுவை வடிந்ததும்
நஞ்சான் வண்டியைத் திருப்பினான்.
ஸ்டீயரிங்கை அவன் கொஞ்சம் முந்தி ஒடித்துவிட,
பின்சீட்டில், சீலைக் கரைக்குக் கீழே,
வலது பாதம் எதையோ அழுத்தியது.
"ச்சு" என்று ஒரு சத்தம்.

காளைகள் தங்களைத்தான் என்று நினைத்து
நின்றுவிட்டன.