விறகுக்கும் ஆகாத மரம்

அம்ப்குவா ஆற்றுக்கு மேலே, வெட்டி முடித்த சரிவில்
யூ மரங்களைக் குவித்துத் தீ வைத்தவன் நான்.
இருபத்திரண்டு வருடம்.
விலை போனது டக்ளஸ் ஃபிர் மட்டும்.
யூ என்றால் கோணல், குட்டை,
பெரிய மரங்களின் காலடியில் இருட்டைத் தின்று வளர்வது.
முன்னூறு வயதில் என் தொடை அளவு இருக்கும்.
ஒரு கேன் டீசல், ஒரு தீக்குச்சி,
சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொள்வோம்.

பிறகு மர்லிஸின் சினைப்பையில் கட்டி.

யூஜீன் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெக்ஸ்லர்
ஒரு ரசீதின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்:
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சாவு முன்பே எழுதியிருக்கிறதாம்.
வேளை வந்ததும் அதுவே சுருங்கும்,
தன்னைத் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டும்,
பக்கத்துச் செல்கள் சத்தமில்லாமல் தின்றுவிடும்.
சீழில்லை. ஒப்பாரியில்லை.
கருவில் நம் விரல்கள் பிரிந்ததே
நடுவில் இருந்தவை ஒதுங்கிச் செத்ததால்தானாம்.

கையை விரித்துப் பார்த்தேன்.
ரம்பம் எடுத்தது போக ஒன்பதரை.

"இவை சாக மறந்த செல்கள்" என்றார்.
எனக்கு மேப்பிள் தெரியும்.
அக்டோபரில் காம்படியில் தானே கதவை அடைத்துக்கொண்டு
இலை கீழே வரும். காற்று ஒரு சாக்கு.

தொங்கும் பையில் என்ன என்று கேட்டேன்.
"டாக்ஸால். யூ மரத்துப் பட்டை."
"ஒரு ஆளுக்கு எத்தனை மரம்?"
"மூன்று, நான்கு. சில பேருக்கு ஆறு."

அன்றிரவு எண்ணினேன்.
எழுபத்து நாலு, ஸ்டீம்போட் ஓடை: ஒரே குவியலில் நாற்பது.
எழுபத்தொன்பது, மழைக்கு முன்னால் ஐந்து குவியல்.
ஓர் ஊர் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.
ஊர் முழுக்கப் பெண்கள்.

ஒரு பகலும் ஓர் இரவும் சொட்டியது.
பனியிலும் இலை உதிர்க்காத மரம்
அவளுக்குள் போய் உதிரச் சொல்கிறது.
எது கேட்டது, எது கேட்கவில்லை, தெரியாது.
முதலில் கேட்டது தலைமுடி.
மர்லிஸ் அதைக் கத்தையாக எடுத்து
சமையலறை ஜன்னலுக்கு வெளியே போட்டாள்,
குருவிக்கு ஆகும் என்று.

மே மாதம் பட்டை உரிக்கும் கும்பலில் சேர்ந்தேன்.
எல்லாரும் பொடியன்கள்.
தோலை இழுத்தால் அடியில் ஈரம், கருஞ்சிவப்பு,
கை கழுவினாலும் நகத்தில் நிற்கிறது.
மூட்டையை நிறுக்கிற பையன் எடையை எழுதுகிறான்.
யாருக்கென்று எழுத அவன் தாளில் இடமில்லை.

சாயங்காலம் தொப்பியோடு வாசலில் நிற்கிறாள்.
"இன்றைக்கு எத்தனை?"
மரமா, ஆளா, சொல்வதில்லை.
"எட்டு" என்றேன்.
"ரெண்டு பேர்" என்றாள், சூப்பைக் கிளறப் போய்விட்டாள்.