கால் சுற்று

நீடாமங்கலம் கேட் விழுந்ததும்
எல்லா வண்டியும் அணைந்துவிடும்.
என் ஆம்னி மட்டும் அணையக்கூடாது.
செல்ஃப் மோட்டார் போன தீபாவளியிலிருந்தே
மனசு வந்தால் எடுக்கும்.
பின்னால் படுத்திருப்பது ஐஸ் பெட்டி,
காலிதான்.
பூவனூரில் ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார்,
அவசரமில்லாமல்.

கொரடாச்சேரி மெக்கானிக் சவரிநாதன்
"நின்னு போச்சுன்னு நீங்க திரும்பி வரக்கூடாது" என்று
ஸ்லோ ஸ்பீடைத் தூக்கி வைத்துவிட்டான்.
நின்ற இடத்திலேயே நாற்பதில் போகிறது வண்டி.
லிட்டருக்கு மூணு கிலோமீட்டரைக் கத்தியே தீர்க்கிறது.
அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.
இழவு வீட்டு வாசலில்
இப்படி இரைந்துகொண்டு போய் நிற்க முடியுமா?
போன வாரம் எடமேலையூரில்
ஒப்பாரி வைத்தவர்களே ஒரு நொடி நிறுத்திவிட்டு
எங்களைப் பார்த்தார்கள்.
அதற்கு முந்தைய மாசம் குறைவாக இருந்தது,
பிரேக் மிதித்த இடத்திலெல்லாம் செத்தது.
செத்தவர் வீட்டில் வண்டியும் செத்தால்
யாரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது?

கேட் திறக்க நேரமாகும்.
நாற்பத்திரண்டு வேகன் நெல்லுக்கு
எஞ்சினை முன்னாலிருந்து கழற்றிப்
பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
வேதராஜை இறங்கச் சொல்லி
அவன் சீட்டைத் தூக்கினேன்.
அடியில் கார்புரேட்டர், பெட்ரோல் வாசம்,
எப்போதோ விழுந்த சுண்டல் பொட்டலக் காகிதம்.
செல்போன் வெளிச்சத்தை அவன் பிடிக்க
மொட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

இடது பக்கம் அரைச் சுற்று.
மூணாறு தலைப்பில் ஷட்டர் இறக்குவதுபோல
சத்தம் இறங்குகிறது,
இன்னும் இறங்குகிறது,
ஒரு சாண்தான் மிச்சம்,
அதுவும் விக்குகிறது.
"போகுது போகுது" என்றான் வேதராஜ்.
வலது பக்கம் கால் சுற்று.
பிடித்துக்கொண்டது.
பிறகு காற்றுத் திருகு. அதற்கு எள்ளளவு போதும்,
கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம்.

பக்கத்து டிராக்டர்க்காரர் இறங்கி வந்து
கொஞ்சம் கூட்டச் சொன்னார்.
முறுக்கு விற்கிறவர் குறைக்கச் சொன்னார்.
இந்த வண்டியில் அதற்கு மீட்டர் கிடையாது.
டேஷ்போர்டில் வேதராஜின் டீ டம்ளர் இருக்கிறது.
டீ வட்டம் வட்டமாக நடுங்கிற்று,
சிந்தவில்லை.
அதுதான் கணக்கு.

பூவனூர். சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள்.
அணைக்காமல்தான் வாசலில் நிறுத்தினேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை,
அவ்வளவு சரியாக அமைந்திருந்தது.
நாங்கள் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது
யாரோ ஒருவர், மரியாதைக்காகத்தான்,
ஜன்னல் வழியாகக் கையை விட்டுச்
சாவியைத் திருகிவிட்டார்.

பிளக் மாட்டி, குளிர் ஏறும்வரை இருந்து,
வெளியே வந்து பார்த்தால்
செல்ஃப் டிக் என்றது.
அவ்வளவுதான்.

தள்ளினார்கள்.
தப்படிக்க வந்த இருவர்,
சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர்,
சட்டையில்லாமல் மூத்த மகன்.
மூன்றாவது தள்ளலில் எடுத்தது.
யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று
வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
சத்தம் இறங்கி இறங்கி
கேட்டில் வைத்த இடத்திலேயே நின்றது.
"ஓடுதா?" என்றார் மூத்த மகன்.
"கை வெச்சுப் பாருங்க."
வைத்தார்.
வேதராஜ் ஏறிக் கதவை அடைத்த பிறகும்
எடுக்கவில்லை.