யாருடைய குடை

ஐப்பசியில் கோத்தகிரியில்
காகிதம் காகிதமாக இருப்பதில்லை,
ஈரத்துணி ஆகிவிடும்.
ஜெராக்ஸ் கடை போஜன் இரவில்
தாள்கட்டுகளுக்கு நடுவே
அறுபது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் போவார்,
கோழிக்குஞ்சுகளுக்கு வைப்பதுபோல.
என் நாவலின் ஆறாவது பிரதி
அந்தச் சூட்டில்தான் உலர்ந்தது.

அது நாகர்கோவில் போய்த் திரும்பி வந்தபோது
ஹெப்சிபா பென்சிலால் எழுதியிருந்தார்:
"தபால்காரர் நாலு அத்தியாயம் நடக்கிறார்.
எங்கேயும் போய்ச் சேரவில்லை."

சிக்னல் கிடைக்கும் வளைவுவரை
மழையில் நடந்துபோய் அழைத்தேன்.
அவருக்கு மூட்டுவலி உண்டு என்றேன்.
குன்னூரில் கட்டிக்கொடுத்த மகள் உண்டு,
அரவேணுவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும்
டீ குடிப்பார் என்றேன்.
"தெரியும், வாசித்தேனே.
அவர் இல்லாமல் ஒருதரம் படித்துப் பாருங்கள்."
லைன் அறுந்தது.
அறுந்த பிறகும் கொஞ்சநேரம்
நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று வாரம்.
ஆளை எடுப்பது ஒரு பகல் வேலை.
அவர் தட்டிய கதவுகளை
தட்டப்படாத கதவுகளாக்கத்தான் மற்ற நாட்கள்.
கடிதங்கள் தாமாகவே வந்து கிடக்கவேண்டும்.
நாய் வேறு யாரைப் பார்த்தாவது குரைக்கவேண்டும்.
யாரும் அகப்படவில்லை,
நாயையும் எடுத்தேன்.

மழை விட்ட ஒரு வாரம்
கீழே சரிவில் கவாத்து நடந்தது.
தேயிலைச் செடிகள் மொட்டைக் குச்சிகளாய் நிற்க
ஜன்னலில் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதினேன்,
வெட்டினால்தான் துளிர்க்கும் என்பதாக.
நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன்.
ஹெப்சிபா அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு
ஓரத்தில் எழுதினார்:
"மலைக்கு வருகிற எல்லோரும் இதை எழுதுகிறார்கள்."

தை மாதம் மெய்ப்பு வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மெய்ப்புப் பார்த்த இசக்கியப்பன்
பச்சை மையில் கேட்டிருந்தார்:
யாருடைய குடை?

மரகதம் தனியாக இருக்கும் வீடு அது.
புருஷன் செத்து எட்டு அத்தியாயம் ஆகிறது.
விளக்கேற்ற உள்ளே போகிறாள்.
மூலையில் சாய்ந்திருந்த குடையிலிருந்து
கசிந்த நீர் வாசற்படிவரை வந்திருந்தது.
அந்த அத்தியாயத்தில் மழையே இல்லை.
ஐந்தாம் பிரதியிலேயே அதை நிறுத்திவிட்டேன்.

'தபால்' என்று தேடி அழித்தவள் நான்.
'காக்கி' என்று தேடி,
சைக்கிள் மணியைத் தேடி,
'அவர்' வருகிற இடமெல்லாம் நின்று
எந்த அவர் என்று விசாரித்து அழித்தவள்.
குடையைத் தேடத் தோன்றவில்லை.

பேனா எடுத்து வரியை அடித்தேன்.
அறையைத் திரும்ப வாசித்தேன்:
ஒரு பெண், ஒரு விளக்கு, அவ்வளவுதான்.
சாயங்காலம் போஜன் கடையடைக்கும் சத்தம் கேட்டது.
அடித்த வரியின் கீழே
ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளி வைத்தேன்,
இருக்கட்டும் என்று அர்த்தம்.

மறுநாள் வளைவிலிருந்து அழைத்தேன்.
ஹெப்சிபா அந்தப் பக்கத்தைப் புரட்டும் சத்தம்.
"யாருடையதாம்?"
"தெரியவில்லை" என்றேன்.
அவர் நம்பவில்லை.
லாரி ஒன்று கியர் மாற்றி மேலேறிப் போகும்வரை
இருவரும் பேசவில்லை.
"சரி, இருக்கட்டும்.
ஆனால் 'கசிந்த' வேண்டாம்.
குடை கசியாது. சொட்டும்."