எடை ஒன்றுதான்

செக்காலை ரோட்டில் நகைக்கடன் கடை.
கல்லில் உரசுவது என் வேலை.
ஒரு கோடு, ஒரு சொட்டு அமிலம்.
நின்றால் தங்கம், கரைந்தால் கதை.

இன்று காலை உமையாள் வந்தார்,
மகனின் மூன்றாம் செமஸ்டருக்காகக்
கழற்றிய சங்கிலியோடு.
"திருப்ப முடியாமப் போயிட்டா?"
அந்தப் பயத்துக்குத் தவணைத் தேதி இருந்தது.
ரசீதை மடித்துப் பையில் வைத்ததும்
அதுவும் மடிந்து உள்ளே போனது.
வாசலில் நின்று கொய்யாப்பழம் பேரம் பேசினார்.
கண்ணாடி வழியே பார்த்தேன்.
பொறாமையாக இருந்தது.

என்னுடையதற்குத் தேதி கிடையாது.
இரவு மூன்று மணிக்குப்
பகலில் பார்த்த வளையல்களெல்லாம் வந்து நிற்கும்:
எங்களை உரசினாயா?
சரியாக உரசினாயா?

ஷட்டரைப் பூட்டிவிட்டுக்
கோட்டையூர் போகிற வழியில்
ஸ்ரீராம் நகரிலிருந்து வண்டியைத் திருப்புவேன்.
பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.
மறுபடி போவேன். மறுபடி வருவேன்.
எதிர்க்கடையில் பரோட்டா தட்டும் ரபீக் சொல்வார்:
"சொர்ணலிங்கம், பேசாம அந்தப் பூட்டையும்
வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."
நானும் சிரிப்பேன்,
இழுத்துக்கொண்டே.

சித்திரையில் ஒரு நாள் மூச்சு
பாதித் தொண்டையில் நின்றுவிட்டது.
விரல் மரத்து, சட்டை நனைந்து,
பெரியாஸ்பத்திரியில் மூன்றாவது ஈசிஜி.
நர்ஸ் தாளைக் கிழித்து நீட்டினார்:
"நல்லாருக்கு. போன தடவை மாதிரியே."
நல்ல இதயத்தோடு
சாகப்போகிறவனாக வீடு வந்தேன்.
"ஒண்ணுமில்லையாமே" என்றாள் மனைவி.
ஒன்றுமில்லாதது இத்தனை கனக்கும் என்று
அவளுக்கு எப்படிச் சொல்ல?

பித்தளையா பொன்னா
தராசுக்குத் தெரியாது.
பத்து கிராம் வைத்தால் பத்து கிராம் காட்டும்.
உடம்பும் அப்படித்தான்.

புதன்கிழமை, சிவகங்கை.
மனநல மருத்துவர் ஜெபமணி
தொழிலைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.
"ஒரு நகையை எத்தனை தடவை உரசுவீங்க?"
"ஒரு தடவை போதும்."
"போன வாரம்?"
மின்விசிறியைப் பார்த்தேன்.
"ஏழு. ஒரே சங்கிலியை."
"உரச உரச?"
"தேயும்."

சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம்.
பதற்றக் கோளாறு.
நிறையப் பேருக்கு இருக்கிறதாம்,
வரிசையில் என் பின்னால் நின்ற
போலீஸ்காரருக்குக்கூட இருக்கலாம்.
ஒரு மாத்திரை. ஒரு வீட்டுப்பாடம்:
பூட்டு, ஒருமுறை இழு, போ.
கத்தினால் கத்தட்டும்.

இன்றிரவு பூட்டினேன்.
ஒருமுறை இழுத்தேன்.
ரபீக் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
ஸ்ரீராம் நகரில் நெஞ்சு கத்தத் தொடங்கியது.
வண்டியை ஓரங்கட்டிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு நிமிஷம். ஒன்பது.
ஆடு ஏற்றிய லாரி ஒன்று கடந்தது.
பதினேழில்
பயம் போகவில்லை,
ஆனால் வளரவும் இல்லை.

நடுவில் ஒருதரம்
வண்டியைத் திருப்பினேன்,
நூறடி போனேன் என்பதையும்
எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்,
புதன்கிழமை சொல்ல.