ஹோவிக், வேலிக்கு இந்தப் பக்கம்

என் கடை அருவிக்கு முதுகு காட்டி நிற்கிறது.
சமோசா வாங்க வருகிறவர்கள்
என் தோளுக்கு மேலே பார்த்தபடியே
சில்லறை எண்ணுவார்கள்.
பதினோரு வருஷமாக
முழுதாக என் முகத்தை
இங்கே யாரும் பார்த்ததில்லை.

எனக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான்.
காவடி முடிந்த வாரங்களில்
உம்கெனி ஆறு செம்மண் கரைத்துக்கொண்டு வரும்.
அப்போது சத்தம் தடிக்கும்,
சுற்றிக்கொடுக்கும் தாள் நமுத்துப்போகும்,
எண்ணெய்ச் சட்டியில் சாரல் விழுந்து
சுருக்கென்று கையைச் சுடும்.
ஆடிக் குளிரில் மெலியும்.
பக்கத்துக் கடை ரேடியோ கேட்கிற அளவுக்கு.

அடியில் பெரும்பாம்பு கிடக்கிறது என்கிறான்
கார் நிறுத்த இடம் காட்டும் ம்தோகோஸிசி.
கோபம் வந்தால் புயலாக எழும்புமாம்.
கல்லாப்பெட்டிக்குக் கீழே
எனக்கும் ஒரு பெட்டி உண்டு:
கேமரா மூடி, கறுப்புக் கண்ணாடி,
குழந்தையின் பால் புட்டி,
மஞ்சள் செருப்பு ஒன்று.
அதன் ஜோடியைப் பற்றி
நான் போலீஸிடம் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை
வேலிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.
விழவேண்டும் என்று தோன்றவில்லை.
விழாமல் நிற்பது எப்படி என்று
கால்களுக்கு மறந்துபோயிற்று.
அத்தனை வெள்ளை.
அத்தனை மெதுவாக.
மேலிருந்து பார்த்தால்
தண்ணீர் விழுவதே இல்லை;
பாறைதான் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.
கம்பியின் துரு
இரண்டு நாள் உள்ளங்கையில் இருந்தது.

போன மார்ச்சில் ஒருவர் வந்தார்.
வாடகைக் கார், புது பூட்ஸ்,
முன்பக்கம் நயாகரா என்று தைத்த நீலத் தொப்பி.
விக்டோரியா பார்த்தாயிற்று, இகுவாசு பார்த்தாயிற்று,
ஐஸ்லாந்தில் வாய்க்குள் நுழையாத பெயரில் மூன்று.
இது முப்பத்தெட்டாவது.
"தொண்ணூற்றைந்து மீட்டர்தானே?" என்றார்.

அந்தத் "தானே"யை எனக்குத் தெரியும்.
வேலி தாண்டுகிறவர்கள் எல்லோரும்
முதலில் அதைத்தான் தாண்டவிடுகிறார்கள்.

உருளைக்கிழங்கு இரண்டு, கீமா இரண்டு.
மீதியை நீட்டினேன், ஆளைக் காணோம்.
திரும்பினேன்.
பதினோரு வருஷத்தில் இரண்டாம் தடவை.
ஈரப் பாறைமேல் குந்தியிருந்தார்,
கையை நீட்டி, போனை நீட்டி,
தன் முகத்துக்குப் பின்னால் அருவி வருகிற மாதிரி
பின்னுக்கு,
இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.

ஆங்கிலம் தேட நேரமில்லை.
"ஐயோ, காலு!" என்றுதான் வந்தது.
அவருக்குத் தமிழ் தெரியாது.
கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்கோ என்னவோ
அப்படியே உறைந்து உட்கார்ந்தார்.
காற்றுக்கு மட்டும் பொறுமையில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டது.

நீலம்,
சிறிய நீலம்,
அப்புறம் சாரல்.

ம்தோகோஸிசி வயிற்றோடு படுத்து ஊர்ந்து போய்
பெல்ட்டைப் பிடித்து இழுத்து வந்தான்.
அவர் என் பெஞ்சில் உட்கார்ந்து
நான்கு சமோசாவையும் ஒவ்வொன்றாகத் தின்றார்.
முழங்கால்கள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.
நன்றி சொல்வார் என்று பார்த்தேன்.
"தொப்பி விற்கிறீர்களா?" என்றார்.

வைகாசியில் தண்ணீர் வடிந்தபின்
கீழே மடுவுக்குப் போன பையன்கள்
அதைக் கொண்டுவந்தார்கள்.
ஓரம் கிழிசல், உள்ளே மணல்.
இரண்டு தடவை சோப்பு போட்டேன்.
எழுத்து போகவில்லை.

பெட்டியில் போட மனம் வரவில்லை.
விழுந்து திரும்பி வந்தது
அதில் வேறெதுவும் இல்லை.

வெயில் நாட்களில் நானே போட்டுக்கொள்கிறேன்.
இப்போது வாங்க வருகிறவர்கள்
ஒரு கணம் அருவியை விட்டு
என் நெற்றியைப் படிக்கிறார்கள்.
"அட, நயாகரா போயிருக்கிறீர்களா?"

நான் போனதில்லை என்கிறேன்.
தொப்பி போயிருக்கிறது.
சட்னி வேண்டுமா?