கேட்டு

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"
கொருக்குப்பேட்டையில் அன்றைக்கு
நாற்பத்தொன்றாவது வீடு.
சோப்பு நுரைக் கையை நைட்டியில் துடைத்தபடி
தேசராணி திருப்பிக் கேட்டாள்:
"கேட்டு தொறந்திருந்தாலா, போட்டிருந்தாலா?"

என் டேப்லெட்டில்
கிலோமீட்டர் மட்டும்தான் ஏறும்.
இரண்டு என்று தட்டினேன்.
பச்சை டிக் விழுந்தது.

அவள் நிறுத்தவில்லை.
சரக்கு வண்டி நடுவில் நின்றுபோன ராத்திரி,
ஆட்டோவுக்குள் நாத்தனார்,
பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணியது
முப்பத்தாறு வரை.
அப்புறம் எண்ணவில்லையாம்.
குழந்தைக்கு என்ன பேர் என்றேன்
படிவத்தில் இல்லாததை.
"வெக்கல."

ஆபீஸில் சராசரி வந்துவிட்டது:
ஒன்று புள்ளி எட்டு.
வரைபடத்தில் எங்கள் வார்டுக்கு
நல்ல பச்சை.

லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன்,
நாற்பத்தொரு வீட்டுக்கும்,
நோட்டும் கைக்கடிகாரமுமாக.
தூரத்தை அடித்துவிட்டு
நேரம் என்று எழுதியிருந்தேன்.
கேட்டில் நின்றும் குறித்தேன்,
மூடியது, திறந்தது,
நடுவில் குனிந்து தண்டவாளம் தாண்டியவர்கள்,
ஒருத்தி தலையில் சிலிண்டரோடு.

கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.
பெரியவர் கண்ணாடியைக் கழற்றாமல்
"எந்த கேட்டு?" என்றார்.

சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.
பென்சிலில்.